பாவாவுக்கு ஒரு ஓடிபி

பிரேமாவுக்குத் தன் புருஷனின் செல்போன் நம்பர் தெரியாது. நாற்பது வருஷம் குடித்தனம் நடத்திய பிறகும் தெரியாது. கேட்டால், "அதான் போன்லயே கீதே, அத வேற இன்னாத்துக்கு மனப்பாடம் பண்ணணும்?" என்பாள். ஆனால் மாடியில் குடியிருக்கும் ஹேமநாதனின் பாஸ்போர்ட் நம்பர் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். இரண்டு இங்கிலீஷ் எழுத்து, ஆறு எண். கீரை ஆய்ந்துகொண்டே சொல்வாள். விசா என்றைக்கு முடிகிறது, பதிவு எண் என்ன, விமானம் சென்னையில் இறங்கிய தேதி எது, எல்லாம் நாக்கு நுனியில் நிற்கும்.

அறுபத்தாறு வயசில் ஒரு மனுஷனுக்கு வயிறு எரிய இது போதாதா? அவள் புருஷன் தணிகைவேலுக்கு இதில் பாதி இருந்தாலே போதும்.

தணிகைவேல் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று முப்பத்தோரு வருஷம் நோட்டில் எழுதியவர். பள்ளிப்பட்டு வண்டி நாலு நிமிஷம் லேட்டானால் ஜன்னல் வழியாக டிரைவரை ஒரு பார்வை பார்ப்பார். அவர் வாயைத் திறக்க வேண்டாம், டிரைவரே காரணம் சொல்ல ஆரம்பித்துவிடுவான். அப்படிப்பட்டவர் வீட்டிலேயே இப்போது ஒருத்தர் வருவதும் இருப்பதும் போவதும் அரசாங்கத்துக்கு எழுதிப் போட வேண்டிய சங்கதியாகிவிட்டது. எழுதுவது அவர் இல்லை. அவர் பெண்டாட்டி.

ஹேமநாதன் யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பிரேமாவின் தாய்மாமன் மகன். பள்ளிப்பட்டுக்காரர். அந்தப் பக்கத்தில் தெலுங்கும் தமிழும் ஒரே வீட்டில் புழங்கும், அதனால் மாமன் மகன் அவளுக்குப் 'பாவா'. கட்டிக்கொள்ளும் முறை. பிரேமா பாவாடை கட்டிய நாளிலிருந்தே இவள் அவனுக்கு, அவன் இவளுக்கு என்று இரண்டு வீட்டிலும் பேசி வைத்திருந்தார்கள். எண்பத்து மூன்றில் ஹேமநாதன் கனடாவுக்குப் போனார். போனவர் அங்கேயே ஒரு நர்ஸம்மாவைக் கட்டிக்கொண்டார். இரண்டு வருஷம் கழித்துத்தான் தணிகைவேல் பெண் பார்க்க வந்தார், பிரேமா கழுத்தை நீட்டினாள். இதெல்லாம் தணிகைவேலுக்குத் தெரியாத கதை இல்லை. தெரிந்த கதைதான் தூங்க விடாது.

நர்ஸம்மா செத்துப்போய், ஹேமநாதனும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மிச்ச காலத்தைச் சொந்த மண்ணில் கழிக்கலாம் என்று ஊருக்கு வந்தார். ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவரைப் பார்த்து, "எங்க மாடி சும்மாதான் சார் கெடக்குது, வந்து இருங்களேன்" என்று சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் தணிகைவேல்தான். வெளிநாட்டுக்காரர் நம் மாடியில் இருந்தால் தெருவில் ஒரு மரியாதை என்று அப்போது தோன்றியது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டு, அப்புறம் குடைகிறது குடைகிறது என்றால் யார் என்ன செய்ய முடியும்?

ஹேமநாதன் கனடா குடிமகன். பிறந்தது பள்ளிப்பட்டில் என்றாலும் சட்டத்தின் கண்ணுக்கு அவர் அந்நியர். பூர்வீகம் இந்தியா என்று காட்டி ஆயுசுக்கும் ஒரு அட்டை வாங்கிக்கொள்ளலாம்தான். அதற்குப் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்த காகிதம் வேண்டும். அதை எந்தக் காலத்திலோ வீடு மாறும்போது தொலைத்துவிட்டார். ஆகையால் ஒரு வருஷ விசா. வந்ததும் பதிவு செய்ய வேண்டும். எந்த வீட்டில் தங்கினாலும் இருபத்து நாலு மணி நேரத்துக்குள் அந்த வீட்டுக்காரர் 'சி ஃபாரம்' என்று ஒன்றைக் கம்ப்யூட்டரில் போட வேண்டும்.

வீட்டுக்காரர் தணிகைவேல். கரண்டு பில் அவர் பேரில், ஃபாரம் போடுகிற கணக்கு அவர் பேரில், ஓடிபி என்கிற ரகசிய எண் வருவதும் அவர் போனுக்கு. ஆனால் லேப்டாப் முன்னால் உட்காருவது பிரேமா. கல்யாணத்துக்கு முன்பு டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியவள். அந்த விரல்கள் நாற்பது வருஷம் இட்லி மாவு கரைத்துக்கொண்டிருந்துவிட்டு, இப்போது சாப்பாட்டு மேஜையில் தடதடவென்று ஓடின. பக்கத்து நாற்காலியில் ஹேமநாதன், மூக்கு நுனியில் கண்ணாடி.

"பிரேமா, இங்க மொத பேரு, அங்க கடைசி பேரும்மா."

"தெரியும் பாவா. போன தபாவே நாந்தான போட்டேன்."

பிறகு உள்ளே திரும்பி, "ஏங்க, ஓடிபி வந்திருக்குதா பாருங்க" என்று ஒரு குரல். தணிகைவேல் ஆறு எண்ணையும் படித்துச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவர் வேலை. தன் வீட்டிலேயே தன்னை ஓடிபி படிக்கிற ஆளாக வைத்துவிட்டார்கள் என்று அவருக்குப் பொருமல்.

இதில் ஹேமநாதன் நல்லவர் வேறு. கெட்டவராக இருந்தால் திட்டியாவது தீர்த்துக்கொள்ளலாம். காபி குடித்த டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுத்தான் மாடிக்குப் போவார். அவர் வந்ததிலிருந்து பிரேமாவின் வாயில் புதுசாக ஒரு பேச்சு. "பாவா தன் டம்ளர தானே கழுவறாரு." தணிகைவேல் அதைக் கேட்டு ஒரு நாள் வீம்புக்குத் தன் டம்ளரைக் கழுவப் போய், கை நழுவி அது சாக்கடை ஓட்டைப் பக்கம் உருண்டது. பிரேமா சிரித்தாள். மாடியிலிருந்தும் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது போல அவருக்கு இருந்தது. மாடியில் அன்றைக்கு ஆளே இல்லை.

வெளிநாட்டுக்காரர் தங்குகிறாரே என்று விசாரணைக்குப் போலீஸ்காரர் தேசப்பன் வந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் தணிகைவேலுக்குக் காது சுடும். தேசப்பன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காபியை உறிஞ்சிக்கொண்டு, பிரேமாவைப் பார்த்தே கேட்டார்.

"சாரு டெய்லி இன்னா பண்றாரும்மா?"

"ஆறு மணிக்கு எழுந்துக்குவாருங்க. ஆறே முக்காலுக்கு சரவணப் பொய்கை வரிக்கும் நடந்துட்டு வருவாரு. எட்டரைக்கு டிபன். அப்பால பேப்பர் படிப்பாரு. மத்தியானம் சர்க்கரை மாத்திர போட்டுகினு அர மணி நேரம் படுப்பாரு."

தணிகைவேல் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும்தான் மாத்திரை உண்டு. ரத்தக்கொதிப்பு மாத்திரை. காலையா, ராத்திரியா என்று கேட்டுப் பாருங்கள், பிரேமா முழிப்பாள். சர்க்கார் ஆளை அனுப்பி விசாரிக்கிறது, ஹேமநாதன் எப்போது எழுந்தார், எங்கே நடந்தார் என்று. தணிகைவேல் எழுந்தாரா இல்லையா என்று கேட்க ஒரு நாதி உண்டா? அந்நியனாகப் பிறந்திருந்தால் நாலு பேர் அக்கறையாக விசாரித்திருப்பார்கள் என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்தது.

தேசப்பன் அவர் பக்கம் திரும்பினார். "நீங்கதான் ஹவுஸ் ஓனருங்களா? சாரு உங்களுக்கு இன்னா வேணும்?"

"வாடகைக்கு இருக்கறாரு" என்றார் தணிகைவேல்.

"இன்னாங்க இப்டி சொல்றீங்க?" என்றாள் பிரேமா. "எனக்கு பாவா. அவருக்கு அண்ணன் மொற."

முறை அப்படித்தான். பெண்டாட்டியைக் கட்டிக்கொள்ள உரிமை இருந்தவன் புருஷனுக்கு அண்ணனோ தம்பியோ ஆகிவிடுவான். இந்தக் கணக்கைப் போட்டவன் யாரோ தெரியாது, பெண்டாட்டியைப் பறிகொடுக்கப் பயந்தவனாக மட்டும் இருந்திருக்க மாட்டான். தேசப்பனும் இந்த வட்டாரத்து ஆள்தான். "ஓ, மாமன் மகனா" என்று மீசைக்குள் சிரித்தார். அந்தச் சிரிப்பு எட்டு நாள் தணிகைவேலின் தொண்டையில் முள்ளாக நின்றது. ஹேமநாதனோ பெருந்தன்மையாக, "தம்பிதான் எனக்கு இங்க எல்லாம்" என்றார். தம்பியாம்! தணிகைவேல் அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி, அவரைச் 'சார்' என்பதைத் தவிர வேறு சொல் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

இப்படி எட்டு மாசம் ஓடியது. விசா முடிய இன்னும் நாலு மாசம். நீட்டிப்புக்கு முன்கூட்டியே எழுதிப் போட வேண்டும் என்று பேப்பரில் எங்கோ படித்ததிலிருந்து தணிகைவேலுக்கு அதே நினைப்பு. நீட்டிப்பு கிடைத்தால் இன்னொரு வருஷம் அந்த இரண்டு நாற்காலியும் பக்கத்தில் பக்கத்தில். கிடைக்காவிட்டால் சார் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் மாடிப்படிக்குக் கீழே செருப்பைத் தேடுகிற சாக்கில் நின்றபோது பேச்சு காதில் விழுந்தது.

"நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள பேப்பர் போவணுமாம் பிரேமா. இல்லன்னா கைய விட்டுப் போயிடும்."

"போட்டுடலாம் பாவா. இத நாந்தான் போடுவேன். என் கையாலதான் போடணும்."

என் கையாலதான் போடணுமாம்! தணிகைவேல் செருப்பு இல்லாமலே தெருவில் இறங்கி, கடை வரைக்கும் போய், என்ன வாங்க வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்தார்.

மறுநாள் காலை பிரேமா தோசை வைத்துக்கொண்டே சொன்னாள்: "பதினோரு மணிக்கு உக்காருவோம். உங்க போனுக்கு ஓடிபி வரும். எங்கயும் போயிடாதீங்க."

"எதுக்கு?"

"பாவா விஷயந்தான். முடிஞ்சதும் சொல்றேன்."

முடிந்ததும் சொல்வாளாம். தணிகைவேல் தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். பத்தரைக்கு அவர் ஸ்டேஷனில் இருந்தார். பத்து நாற்பதுக்கு அரக்கோணம் போகிற லோக்கல் டிரெயினில் ஏறினார். வண்டி நகர்ந்ததும் போனை எடுத்து அணைத்து, சட்டைப் பையில் போட்டு, பைக்கு மேல் கையை வைத்துக்கொண்டார். ஒரு வெளிநாட்டுக்காரர் இந்தியாவில் இருப்பதா வேண்டாமா என்பது அந்தப் பைக்குள் இருந்தது. அவருடைய முப்பத்தோரு வருஷ சர்வீஸில் இவ்வளவு பெரிய அதிகாரம் ஒரு நாளும் கையில் இருந்ததில்லை.

அரக்கோணம் பிளாட்பாரத்தில் ஒரு பெஞ்சு பார்த்து உட்கார்ந்தார். முதல் ஒரு மணி நேரம் பரம சுகம். இப்போது அவள் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். இப்போது இரண்டாவது தடவை. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருப்பார். துடைக்கட்டும். பழக்க தோஷத்தில் வருகிற வண்டிக்கெல்லாம் மணி பார்த்தார். காட்பாடி வண்டி ஆறு நிமிஷம் லேட். கேட்க ஆள் இல்லை.

மத்தியானத்துக்கு மேல் சுகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. தயிர் சாதப் பொட்டலம் வாங்கி, பாதி தின்று மடித்து வைத்தார். நாம் காணாமல் போனால் யார் எழுதிக் கொடுப்பார்கள் என்று ஒரு யோசனை வந்தது. இருபத்து நாலு மணி நேரத்துக்குள் போடவேண்டும் என்று நமக்கு ஒரு சட்டமும் கிடையாது. பிரேமாவிடம் அடையாளம் கேட்டால் என்ன சொல்வாள்? உயரம் தெரியாது, சட்டை என்ன கலர் என்று காலையில் பார்த்திருக்க மாட்டாள். பாவாவைப் பற்றிக் கேட்டால் மச்சம் உட்பட சொல்வாள். மச்சம் எங்கே இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். பாஸ்போர்ட்டில் மச்சம் எல்லாம் எழுதுகிறார்களா என்று யாரையாவது கேட்க வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் இருந்தது பலாப்பழம் வைத்திருந்த ஒரு அம்மாள்தான். கேட்காமல் உட்கார்ந்தார்.

ஆனாலும் மணி ஐந்து அடித்தபோது, பொய் சொல்வானேன், அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. முடிந்தது கதை.

கேட்டைத் திறந்து வீட்டுக்குள் நுழையும்போது ஆறு ஆகிவிட்டது. மாடிப்படிக்குக் கீழே இரண்டு பெரிய பெட்டி நின்றது. கட்டி, பூட்டி, கைப்பிடியில் பெயர்ச் சீட்டு ஒட்டிய பெட்டிகள். தணிகைவேலின் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. ஆகா, அதற்குள் கிளப்பிவிட்டார்களா! சர்க்கார் இவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்து அவர் பார்த்ததே இல்லை.

பிரேமா சாப்பாட்டு மேஜையில் மூடிய லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அரக்கோணத்துல ஒரு ஆள பாக்க வேண்டியிருந்துச்சு" என்றார் தணிகைவேல். "போன்ல சார்ஜ் இல்ல."

அவள் கையை நீட்டினாள். அவர் போனைக் கொடுத்தார். அவள் அதற்கு உயிர் கொடுத்தாள். எண்பத்திரண்டு சதவீதம் சார்ஜ் இருந்தது. அடுத்த நொடியிலிருந்து போன் டிங் டிங்கென்று அடிக்க ஆரம்பித்தது. பிரேமா ஒவ்வொன்றாகத் திறந்து, நேரத்தை மட்டும் படித்தாள்.

"பதினொண்ணு அஞ்சு. பதினொண்ணு இருவது. பன்னண்டு. ஒண்ணே கால். ரெண்டு. மூணு பத்து. நாலு அம்பது." போனை மேஜையில் வைத்தாள். "ஏழு தபா."

மாடியிலிருந்து ஹேமநாதன் இறங்கி வந்தார். "வந்துட்டீங்களா தம்பி? பயந்தே போயிட்டோம். பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி எல்லாம் நானே போயி பாத்துட்டு வந்தேன்" என்று சொல்லி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டார். "பரவால்ல, விடுங்க. சார்ஜ் எறங்கறது சகஜம்தான்." பெட்டியோடு மூச்சு வாங்க வாங்க மறுபடி மாடி ஏறினார்.

வெளியே போக வேண்டிய பெட்டி மேலே போவதைத் தணிகைவேல் வாயைப் பிளந்து பார்த்தார்.

"இன்னாத்துக்கு மேல எடுத்துகினு போறாரு?"

"அரக்கோணத்துல ஒரு வூடு பேசி வச்சிருந்தாரு" என்றாள் பிரேமா. "வெளிநாட்டு ஆளுன்னு அந்த வூட்டுக்காரருக்கு பயம். பழைய வூட்டுக்காரரு, அதான் நீங்க, 'காலி பண்ணிட்டாரு'ன்னு கம்ப்யூட்டர்ல போட்ட பேப்பர் அஞ்சு மணிக்குள்ள கையில வந்தாத்தான் சாவி, இல்லன்னா வேற பார்ட்டிக்குன்னாரு. அஞ்சே காலுக்கு போன் பண்ணாரு. வேற பார்ட்டிக்கு குடுத்துட்டாராம்."

தணிகைவேல் பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஹேமநாதன் உட்காருகிற நாற்காலி அது.

"அவரு காலி பண்றதுக்கா ஓடிபி? இருக்கறதுக்கு இல்லியா?"

"நாந்தான் போவச் சொன்னேன்."

"நீயா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே பிரேமா!"

"சொல்லியிருந்தா, 'நாந்தான் தொரத்தி வுட்டேன்'னு தெரு முழுக்க நீங்களே சொல்லிகினு திரிஞ்சிருப்பீங்க." அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. "எண்பத்து மூணுல இந்த மனுசன் பிளேன் ஏறுனாரே, எங்கிட்ட சொல்லிகினா போனாரு? ரெண்டு வருசம் தபால்காரன பாத்துகினு இருந்தேன். கல்யாணம் ஆயிட்ச்சின்னு ஊர்ல யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த ஆளு, இந்த எட்டு மாசமா, என் வூட்டு அட்ரஸ் இல்லாம இந்த ஊர்ல நிக்க முடியல. பக்கத்துல உக்காந்துகினு, இத போடும்மா, அத போடும்மான்னு கேக்கறாரு. அத டைப் அடிக்கறப்ப எனக்கு எவ்ளோ நல்லா இருந்துச்சு தெரியுமா உங்களுக்கு?"

தணிகைவேலுக்குத் தெரியாது. அவர் இத்தனை நாளும் பார்த்தது இரண்டு நாற்காலி நடுவில் எவ்வளவு இடைவெளி என்பதை மட்டும்தான்.

"அப்பால போதும்னு தோணிச்சு. நீங்க மூஞ்ச தூக்கி வச்சிகினு திரியறதும் பாக்க சகிக்கல. போயிடுங்க பாவான்னு சொன்னேன். சரின்னாரு. அன்னிக்கு அவரா போனாரு. இன்னிக்கு நான் அனுப்பறேன், 'காலி செய்தார்'னு என் கையால அடிச்சி அனுப்பறேன்னு உக்காந்திருந்தேன். காலைலேர்ந்து இந்த நாற்காலிலயே உக்காந்திருந்தேன்."

தணிகைவேல் போனை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "இந்தா, இனிமே இது உங்கிட்டயே இருக்கட்டும். வேற வூடு நானே பாக்கறேன். நாளைக்கே பாக்கறேன். அரக்கோணம் வேணாம், இன்னும் தள்ளியே பாக்கறேன். நீயே போடு. எத்தன ஓடிபி வேணும்னாலும் வரும்."

பிரேமா எழுந்து சமையல் ரூமுக்குப் போனாள். தட்டு எடுக்கும் சத்தம் கேட்டது. அங்கிருந்தே சொன்னாள்:

"வூடு கெடைக்கும். ஓடிபியும் வரும். போயிடுங்கன்னு சொல்ல எனக்கு எட்டு மாசம் ஆச்சு. மறுபடியும் சொல்றதுக்கு மனசு வரணுமே."

பிறகு, பாவா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று தட்டில் நாலு இட்லி வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.